பார்லரக்காவின் ரோஜாத் தொட்டிகள்

அந்தத் தெருவில் பார்லரக்காவிடம் தலையைக் கொடுக்காத பெண்ணைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கீழே பார்லர், அதற்கு மேல் வீடு, அதற்கும் மேல் மொட்டை மாடி. பார்லர் என்றதும் கண்ணாடி மாளிகையைக் கற்பனை செய்துவிட வேண்டாம். இரண்டு சுழல் நாற்காலிகள், அதில் ஒன்று சுழலாது. தலை அலச ஒரு பேசின், ஈரத் துண்டு காயப்போட ஒரு கம்பி, வேண்டாவெறுப்பாகச் சுற்றும் ஒரு மின்விசிறி. அவ்வளவுதான் சொத்து. ஆனால் கைராசி என்று ஒன்று உண்டே, அது அக்காவிடம் கொட்டிக் கிடந்தது. "அக்கா கத்தரி பட்டா முடி தானா வளரும்" என்பார்கள். "சும்மா இருங்கடி" என்று வாய்க்குச் சொல்வாள். மனசுக்குள் ஒத்துக்கொள்வாள். தற்பெருமை கொஞ்சம் உண்டு அவளுக்கு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

தொழில் தொடங்கிய நாளிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு தலைவலி, வெட்டின முடியை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்பது. குப்பை வண்டிக்காரர் அந்த மூட்டையைக் கண்டாலே எரிந்து விழுவார். "ஏம்மா, காத்தடிச்சா இதெல்லாம் என் வாய்க்குள்ளதான் போகுது. வேற ஆளப் பாரு." எரித்தால் தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டு சண்டைக்கு வரும். இந்தச் சமயத்தில்தான், மாடிக்கு ரோஜா வாங்கப் போன இடத்தில், நர்சரிக்காரர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"முடியப் போய் யாராவது தூக்கிப் போடுவாங்களா தங்கச்சி? மண்ணுக்குள்ள புதைச்சு விடு. மெல்ல மெல்ல மக்கும். ரோஜா சும்மா தளதளன்னு வரும் பாரு."

சாயம் போட்ட முடி ஆகாது, அலசி உலர்த்திய முடியாக இருக்க வேண்டும், விரல் ஆழத்துக்குக் கீழே பரப்பி மேலே மண் மூட வேண்டும், இவ்வளவும் அவர் சொன்னதுதான். ஒரு தொட்டிக்கு ஒரே ஒருத்தியின் முடி என்று அவர் சொல்லவில்லை. அது அக்காவின் சொந்த மூளையில் உதித்தது. வழக்கமாக வருகிறவர்களின் முடியைக் கூட்டிப் பெருக்கி மற்றதோடு கலக்காமல், தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து வைப்பாள். சாயங்காலம் மாடிக்கு எடுத்துப் போய் அவரவர் தொட்டியில் சேர்ப்பாள். தொட்டியில் பெயர் எழுதி வைக்கிற வழக்கமெல்லாம் கிடையாது. எது யாருடையது என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வாள்.

ஆளுக்குத் தகுந்த செடி என்பதில் அவள் மகா பிடிவாதக்காரி. டீச்சரம்மாவுக்குக் கம்பி மாதிரி முடி. ஓய்வு பெற்ற பிறகும் தெருவுக்கே பாடம் எடுக்கிற வாய். அவருக்குக் கொடி ரோஜா, பிடித்தால் விடாது. வங்கியில் வேலை பார்த்த அம்மாவுக்குப் பூனை முடி, குரலும் அப்படித்தான், பக்கத்தில் போனால்தான் கேட்கும். அவருக்கு வெளிர் ரோஸ் நிறத்தில் பட்டன் ரோஜா. இறைச்சிக் கடைக்காரரின் மனைவி சிரித்தால் கண்ணாடி அதிரும். அவளுக்கு உள்ளங்கை அகலத்துக்குப் பூக்கும் மஞ்சள். நர்சரியில் அக்கா செடி எடுக்கிற அழகே தனி. பூத்துக் குலுங்கும் செடியின் பக்கமே திரும்ப மாட்டாள். அதெல்லாம் ஏமாளிகளுக்கு என்பது அவள் கட்சி. ஒட்டுக் கட்டிய முடிச்சைக் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பாள். அங்கிருந்து கெட்டியாக மூன்று கொம்பு கிளம்பியிருக்க வேண்டும். இலையைத் திருப்பி அடியில் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பாள். பையைத் தூக்கி, வேர் அடியில் சுருண்டு கிடக்கிறதா என்று பார்ப்பாள். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு துருவ மாட்டார்கள்.

அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். தலையில் ஒரு முடி கிடையாது. "நல்லவேளை, என்னைக் கொண்டுபோய் எந்தத் தொட்டியிலயும் நட முடியாது" என்று சிரிப்பார்.

மாடியில் முதன்முதலாக வந்த தொட்டி மகளுடையது. அவர்களுக்கு ஒரே மகள். நர்சரியின் மூலையில், பூ இல்லாமல், பாதி இலை பூச்சி தின்று, யாரும் தொடாமல் கிடந்தது அந்தச் செடி. முடிச்சை அழுத்திப் பார்த்த அக்கா அதைத்தான் கேட்டாள். "அதுல நானே பூவப் பார்த்ததில்ல, வேற எடுத்துக்க" என்றார் நர்சரிக்காரர். "என் வீட்ல வந்து பூக்கட்டும்" என்றாள். பூத்தது. கருஞ்சிவப்பு, இதழ் ஓரம் ஏறக்குறையக் கறுப்பு. வாசனை மாடிப்படி இறங்கி வரும். மகள் வளர வளர, வெட்டின முடியெல்லாம் அந்தத் தொட்டிக்குள் போனது. மகள் இப்போது கடைவீதியில் செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறாள். கடுகைவிடச் சின்னத் திருகாணிகளைக் கழற்றி மாட்டுகிற வேலை.

சரி, கதை இங்கேதான் கோணலாகிறது.

வங்கியம்மா வேறு ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்ப் பல மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் காலையில் பட்டன் ரோஜாவின் நுனி கருகியிருப்பதை அக்கா பார்த்தாள். நுனிக்கருகல் ரோஜாவுக்கு வருவதுதான். பச்சை தெரிகிற இடம் வரைக்கும் வெட்டிவிட்டால் நின்றுவிடும். வெட்டினாள். மறுநாள் கறுப்பு அதற்கும் கீழே வந்திருந்தது. இன்னும் இறக்கி வெட்டினாள். அது இன்னும் இறங்கியது. கடைசியில் மண்ணுக்கு மேல் ஒரு கறுப்புக் குச்சிதான் மிச்சம். அந்த வாரமே செய்தி வந்தது, வங்கியம்மா போய்விட்டார் என்று. அக்கா கத்தரியைக் கையில் வைத்தபடியே சுழலாத நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். 

"அந்தம்மா வரல, முடி வரல, உரம் இல்ல, செடி செத்துது. இதுல என்ன அதிசயம்?" என்றார் வேன்காரர். நியாயமான பேச்சு. நியாயமான பேச்சு எந்த வீட்டில் எடுபட்டிருக்கிறது?

அடுத்தது டீச்சரம்மா. கொடி ரோஜா சுவரோடு இரண்டு கையாகப் பிரிந்து படர்ந்திருந்தது. ஒரு நாள் காலையில் இடது பக்கம் முழுக்கத் துவண்டு தொங்கியது. மண்ணில் ஈரம் இருந்தது. வலது பக்கம் ஒரு இலைகூட வாடவில்லை. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மத்தியானம் டீச்சரம்மாவின் மருமகள் தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். "அக்கா, அத்தைக்கு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு, வேன எடுக்கச் சொல்லுங்க!" எந்தப் பக்கம் என்று அக்கா கேட்கவே இல்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. எழுதும்போதே எனக்கு முதுகு சில்லிடுகிறது, பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

பிற்பாடு வேன்காரர் அந்தக் கொடியின் இடது கொம்பில் துளைப்பான் பூச்சி குடைந்த ஓட்டையைக் காட்டினார். "பாரு, பூச்சி. உள்ள மரத்தூள் கிடக்கு." அக்கா பார்த்தாள். "பூச்சிக்கு அன்னைக்குத்தான் நாள் கிடைச்சுதா?" என்று திருப்பிக் கேட்டாள். 

இதோடு விட்டிருந்தால் தேவலை. அக்காவுக்குத்தான் வாய் சும்மா இருக்காதே! முடி வெட்டிக்கொண்டே ஒருத்தியிடம் சொன்னாள், அவள் இன்னொருத்தியிடம் சொன்னாள், மாதம் திரும்புவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துபோயிற்று. மேலே மாடியில் உங்கள் உயிர் தொட்டியில் இருக்கிறது என்று ஒருத்தி சொன்னால், யாருக்குத்தான் தூக்கம் வரும்? இறைச்சிக் கடைக்காரரின் மனைவி சிரிப்பதை நிறுத்திவிட்டாள். வந்து உட்கார்ந்ததும், "என் மஞ்சள் எப்படிக்கா இருக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. ஒருத்தி வெட்டின முடி ஒரு இழை விடாமல் பொறுக்கிப் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனாள். இன்னொருத்தி யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தாள். கைக்குட்டையில் சுருட்டிய நரைமுடி கொஞ்சம் வைத்திருந்தாள்.

"எங்க மாமியாரோடது. இதுக்கும் ஒரு செடி வைங்கக்கா." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தண்ணி மட்டும் கொஞ்சம் பார்த்து ஊத்துங்க. ரொம்ப ஊத்த வேணாம்."

அடிப்பாவி! அக்கா அவளைத் துரத்திவிட்டாள். ஆனால் அந்தக் கைக்குட்டையை வாங்கி வைத்துக்கொண்டாள். ஒரு வெள்ளை ரோஜா வாங்கி வந்து, அந்தக் கிழவியின் முடியை வைத்து, வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றினாள். மாமியார் கிழவி இன்றைக்கும் மகாராணி மாதிரி இருக்கிறாள், அது வேறு விஷயம்.

நாளடைவில் அக்காவின் காலை மாடியில்தான் விடிந்தது. டீ டம்ளரோடு தொட்டி தொட்டியாகப் பார்த்துக்கொண்டே போவாள். அப்புறம் கீழே வந்து, வருகிறவர்களுக்குச் சொல்வாள். "உனக்கு வயிறு சரியில்லையே, அடி இலை மஞ்சளா இருக்கு." "உனக்கு ஏதோ மனக்கஷ்டம்டி, மொட்டு விரியாம நிக்குது." உலகத்தில் யாருக்கு வயிறு எப்போதும் சரியாக இருக்கிறது, யாருக்கு மனக்கஷ்டம் இல்லை? அவர்கள் வாயைப் பிளந்தார்கள். அக்கா நிமிர்ந்து நடந்தாள். மனிதர்களின் முகத்தைப் பார்த்து எப்படி இருக்கிறாய் என்று கேட்கிற பழக்கமே அவளை விட்டுப் போய்விட்டது.

அந்த வருஷ மழைக்குப் பிறகு மகளுக்கு முடி கொட்ட ஆரம்பித்தது.

முதலில் சீப்பில் ஒரு சுருள். அப்புறம் குளியலறைச் சல்லடையில். அப்புறம் தலையணை உறையில், சட்டைக் காலரில், சாப்பாட்டுத் தட்டில். பார்லர் வைத்திருக்கிறவளுக்கு முடி கொட்டுவது புதுசா? "தண்ணி மாறியிருக்கும், எல்லாருக்கும்தான் கொட்டுது" என்றாள். ஆனால் வீணாக்கவில்லை. சீப்பிலிருந்து உருவி, சல்லடையிலிருந்து அள்ளி, தலையணையிலிருந்து பொறுக்கி, அலசி, உலர்த்தி, மகளின் தொட்டியில் சேர்த்தாள். எப்போதோ வெட்டுகிறபோது மட்டும் கிடைத்துக்கொண்டிருந்த முடி இப்போது தினமும் கிடைத்தது. அந்தத் தொட்டிக்கு யோகம்தான்.

செடி அப்படி ஒரு வேகம் எடுத்தது. சிவப்புக் குருத்துகள் கொம்புக்குக் கொம்பு வெடித்துக் கிளம்பின. இலை ஒவ்வொன்றும் எண்ணெய் தடவியது போல மின்னியது. பூ ஓயவே இல்லை. பூத்தது உதிர்வதற்குள் அடுத்தது விரிந்தது. வாசனை இப்போது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மகள் படுக்கும் அறையின் ஜன்னலைச் சாத்தினாலும் இருந்தது. வேன்காரர் தும்மிக்கொண்டே, "இதென்ன வாசனையா, நாத்தமா?" என்றார்.

"அம்மா, காலையில எந்திரிச்சா விரல மடக்க முடியல. சட்டை பட்டன் போட முடியல. கடையில திருகாணி கை நழுவி நழுவி விழுது. முதலாளி ஒரு மாதிரி பார்க்கிறாரு" என்றாள் மகள்.

"போன நோண்டிட்டே இருந்தா விரல் வலிக்காம என்ன செய்யும்? போய்ச் செடியப் பாரு, எப்படி நிக்குதுன்னு. உனக்கு ஒண்ணுமில்ல."

சாயங்காலமானால் மகளுக்கு உடம்பு கொதித்தது. மாடிப்படி பாதி ஏறியதும் உட்கார்ந்துவிடுவாள். வெயிலில் போய் வந்தால் இரண்டு கன்னமும் மூக்கும் சேர்ந்தாற்போல் சிவந்துவிடும். அக்கா அந்தச் சிவப்பைப் பார்த்து மனசு குளிர்ந்து போனாள். "பாருங்கடி, என் பொண்ணு கன்னத்த! செடியில இருக்கிற நிறம் அப்படியே இறங்கியிருக்கு" என்று பார்லரில் காட்டினாள். வந்தவர்களும் ஆமாம் போட்டார்கள். மகள் கண்ணாடியில் தன் முகத்தையே வெறித்துப் பார்த்தாள்.

"ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுவோமே" என்று வேன்காரர் தொடங்குவார்.

"எதுக்கு? அந்தச் செடியில ஒரு இலை வாடட்டும், அன்னைக்கு முதல் ஆளா நான் தூக்கிட்டு ஓடறேன். நல்லா இருக்கிற பொண்ணுக்கு நீங்களே நோயக் கூப்பிடாதீங்க."

அவள் மகள் மேல் அன்பில்லாமல் இருந்தாள் என்று மட்டும் யாரும் சொல்லிவிட வேண்டாம். உயிரையே வைத்திருந்தாள். விடிந்தும் விடியாமல் மாடிக்கு ஓடி, அந்தத் தொட்டியை முதலில் பார்ப்பாள். பச்சையாக இருந்தால்தான் மூச்சே வரும். பயந்து பயந்துதான் பார்த்தாள், ஆனால் தவறான இடத்தில் பார்த்தாள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மகள் துணி எடுக்க மாடிக்குப் போனாள். முந்தின நாள் அடித்த மழையில் தொட்டியின் மேல் மண் கரைந்திருந்தது. உள்ளே இருந்தது வெளியே தெரிந்தது. கறுப்பாக, நனைந்து, சுருள் சுருளாக அவளுடைய முடி. செடியின் அடிக்கட்டையைச் சுற்றி அப்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பூ விரிந்திருந்தது. இதழுக்கு நடுவில் ஒரு நீள முடி சிக்கியிருந்தது. காற்றில் பறந்து வந்து ஒட்டியிருக்கலாம். மகள் நுனியைப் பிடித்து இழுத்தாள். அது வந்துகொண்டே இருந்தது.

அவள் அப்படியே கீழே ஓடி வந்தாள். "அம்மா, அந்தச் செடி என்னத் தின்னுது."

அக்கா சிரித்தாள். "லூசு மாதிரி பேசாதடி. அது நீதான்."

"நானா? அப்ப நான் இங்க என்ன?" என்று கத்தினாள் மகள். கத்திய வேகத்தில் மூச்சு வாங்கியது. அக்கா அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, மேலே போய் தொட்டிக்குப் புது மண் போட்டு மூடினாள்.

அதற்குப் பிறகு ரொம்ப நாள் தாங்கவில்லை. கடையில் நின்றுகொண்டிருந்தவள் மேஜையைப் பிடித்தபடி சரிந்தாள். கடை முதலாளி அவள் செருப்பைக் கழற்றிப் பார்த்தபோது, கால் இரண்டும் வீங்கி, விரல் வைத்து அழுத்திய இடத்தில் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. செய்தி வந்தபோது அக்கா முதலில் ஓடியது எங்கே தெரியுமா? மாடிக்கு. செடி ஜோராக நின்றுகொண்டிருந்தது. அத்தனை கொம்பிலும் பூ. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. வேன்காரர் கீழே ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், நீர் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள். கடைசியில் ஒரு டாக்டரம்மா அவர்களை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"இவங்க உடம்பு தன்னையே எதிரின்னு நினைச்சுத் தாக்குது. மூட்டுவலி, காய்ச்சல், கன்னத்துல சிவப்பு, முடி கொட்டுறது எல்லாம் அதோட அடையாளம்தான். இப்ப சிறுநீரகத்தத் தொட்டிருக்கு. மருந்து இருக்கு, ஆரம்பிச்சிட்டோம். ஆனா கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா..."  மகளின் தலையில் வட்ட வட்டமாகத் தெரிந்த வெற்றிடங்களை நினைத்தோ என்னவோ, கேட்டார். "இவ்வளவு முடி கொட்டியிருக்கே. இதெல்லாம் எங்க போச்சுன்னு வீட்ல யாரும் கவனிக்கலையா?"

எங்கே போனது என்று அக்காவுக்கு நன்றாகத் தெரியும். ஒரு இழை விடாமல் தெரியும். அவள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். செடி ஏன் அப்படிக் கொழித்தது என்பது அந்த ஒரு கேள்வியில் அவளுக்கு விளங்கிவிட்டது. மகள் நலமாக இருந்ததால் அது பூக்கவில்லை. மகளுக்கு நோய் முற்ற முற்ற முடி கொட்டியது, கொட்டக் கொட்ட அதற்குத் தீனி கிடைத்தது. அள்ளி அள்ளிப் போட்டது யார்? 

மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தவள் துணியை எடுக்காமல் மாடி ஏறினாள். நல்ல உச்சி வெயில். மற்ற தொட்டிகள் தண்ணீர் இல்லாமல் வாடியிருந்தன. மகளுடையது மட்டும் நிமிர்ந்து நின்றது. அன்றைக்கு இலையைவிடப் பூ அதிகம். அக்கா மண்டியிட்டு, வெறுங்கையால் மண்ணைத் தோண்டினாள்.

ஒரு விரல் ஆழத்துக்குக் கீழே மண் இல்லை. முடிதான். பழைய முடி மக்கியிருந்தது, புதுசு மக்காமல் கிடந்தது. அதன் ஊடே செடியின் மெல்லிய வேர்கள் நுழைந்து, சுற்றி, முறுக்கி, பின்னிக் கிடந்தன. எத்தனையோ பேர் தலைச் சிக்கலைப் பொறுமையாகப் பிரித்தவள் அவள். இதில் எது முடி, எது வேர் என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தாள். மேலே கொம்பு நடுங்கியது, இதழ்கள் அவள் தலைமேல் விழுந்தன. கை அப்படியே நின்றுவிட்டது. பிடுங்கி எறிந்துவிட்டால், அங்கே வார்டில் அந்த நேரத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால்? விட்டுவிட்டால் இது இன்னும் தின்னுமே? அவள் பிடித்த பிடியை விடவும் இல்லை, இழுக்கவும் இல்லை.

தேடிக்கொண்டு மேலே வந்த வேன்காரர் அவளைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். "நகரு. வேரோட பிடுங்கித் தூரப் போட்டுடறேன்."

"ஐயோ, தொடாதீங்க! தொடாதீங்க!" அக்கா போட்ட சத்தத்தில் எதிர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

எப்போதும் சிரித்துப் பேசுகிற மனிதருக்கு அன்றைக்கு முகம் வேறாகிவிட்டது. "இன்னுமா உனக்குத் தெளியல? பெத்த பொண்ணு அங்க ஒத்தையில படுத்துக் கிடக்கா. நீ இங்க வந்து செடிக்கு நாடி பிடிச்சிட்டு இருக்க."

அவர் மகளின் துணிகளைத் தானே அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு வேனில் போய் உட்கார்ந்தார். அக்கா கையைக் கழுவிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். 

மகள் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தாள். கையில் ஊசி, அதிலிருந்து மேலே தொங்கும் பாட்டிலுக்குக் குழாய். உதட்டில் புண். தலையில் மிச்சமிருந்த முடியை நர்ஸ் ஒரு துணியால் மூடிக் கட்டியிருந்தாள். கட்டில் ஓரத்தில் அக்கா உட்கார்ந்ததும் கண்ணைத் திறந்தாள்.

"செடி எப்படிம்மா இருக்கு?"

அக்காவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "பூத்திருக்கு."

"நிறையவா?"

"ம்."

மகள் அம்மாவின் பக்கம் முகத்தைத் திருப்பினாள். அவள் குரலில் கிண்டல் இல்லை. கிண்டலாக இருந்திருந்தால் அக்கா தாங்கியிருப்பாள்.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லு. தினம் சொல்லுவியே. சொல்லேன்மா. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

அக்கா வாயைத் திறந்தாள். எத்தனை முறை, எவ்வளவு சுலபமாகச் சொன்ன சொல்! இன்றைக்கு அது வரவில்லை. மகள் அவள் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தாள்.

"தெரியலடி கண்ணு," என்றாள் கடைசியில். "எனக்கு ஒண்ணுமே தெரியல. உனக்கு எங்க வலிக்குது? அம்மாகிட்ட சொல்லு."

மகளின் முகம் கோணியது. சின்னக் குழந்தை அழப்போவது போல உதடு பிதுங்கியது. போர்வைக்குள்ளிருந்து ஊசி இல்லாத கையை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தாள்.

"இந்த விரல்லதாம்மா மொதல்ல ஆரம்பிச்சுது. அன்னைக்குப் பல்லு விளக்க பிரஷ்ஷப் பிடிக்க முடியல. நீ மாடியில இருந்த. நான் படிக்கட்டுல நின்னு கூப்பிட்டேன்..."

அக்கா அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள். நடுவில் ஒரு சமாதானமும் சொல்லாமல் மகளின் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பாட்டிலை மாற்ற நர்ஸ் வந்தபோதும் மகள் நிறுத்தவில்லை. சொல்வதற்கு அவளிடம் மாதக்கணக்கில் சேர்ந்து கிடந்தது.